எம்பிஏ எஸ்ஸே ‘எழுதித் தருகிறோம்’ என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

வெளிநாட்டு எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கத் தயாராகிறவர்களும் அப்படி ஒருவர் வீட்டில் இருப்பவர்களும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சியில் என் தம்பி 1,20,000 ரூபாய் கட்டினான். எஸ்ஸே (விண்ணப்பத்தோடு நம்மைப் பற்றி எழுதித் தரும் கட்டுரை), ரெகமண்டேஷன் (மேலதிகாரி தரும் பரிந்துரை), இன்டர்வியூ பயிற்சி எல்லாம் ஒரே பேக்கேஜ் என்றார்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே, போதாதா என்றார்கள்.

தம்பி ஒரகடத்தில் ஒரு வாகன ஆலையில் பெயின்ட் ஷாப் இன்ஜினியர். மழைக்காலம் வந்தால் நைட் ஷிஃப்டில் பெயின்ட் சரியில்லை என்று ரிஜெக்ட் ஆவது ஏறும். ஸ்ப்ரே கன்னுக்கு வரும் காற்றில் ஈரம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி. அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. தம்பி அவரோடு உட்கார்ந்து ஷிஃப்ட் வாரியாக நோட்டில் குறித்தான். மேனேஜர் முதலில் தட்டிக்கழித்தார். பிறகு காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரை மாற்றினார்கள். ரிஜெக்ட் இறங்கியது. இதையெல்லாம் கன்சல்டன்சியிடம் விலாவாரியாகச் சொல்லியிருந்தான்.

பிரான்ஸைச் சேர்ந்த இன்சியாட் மேலாண்மைக் கல்லூரியின் விண்ணப்பத்தில் உன் பலம், பலவீனம், உன்னை உருவாக்கியவை எவை என்று 500 சொற்களுக்குள் மனம் திறந்து எழுதச் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் அனுப்பிய டிராஃப்டில் இந்த நோட்டும் இல்லை, அந்தத் தொழிலாளியும் இல்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் எடுத்ததாக இருந்தது. மூன்றாவது பத்தியில் ‘புனேயில் என் டீம்’ என்று வருகிறது. தம்பி புனேயில் வேலை பார்த்ததே இல்லை! வேறு யாருக்கோ விற்ற சரக்கை அப்படியே இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கேட்டதற்கு, "அட்மிஷன் கமிட்டிக்கு இந்த மாதிரி கதைதான் சார் பிடிக்கும்" என்று பதில். எனக்கு அதில்தான் கோபம் தாங்கவில்லை. ஆயிரக்கணக்கில் எஸ்ஸே படிப்பவர்களுக்குப் பொதுச்சேவைக் கதை அலுத்துப்போயிருக்கும். யாரும் மதிக்காத ஒருவர் பேச்சைக் கேட்டு, மேலதிகாரி மறுத்தும் விடாமல், கணக்கை எழுதிக் காட்டியவன் என்பதுதான் அவர்களை நம்பவைக்கும். கையில் இருந்த தங்கத்தை வாங்கிக்கொண்டு கவரிங்கைக் கொடுத்துவிட்டார்கள்.

ரெகமண்டேஷனுக்கு அவர்கள் சொன்ன வழி இதைவிட மோசம். மேனேஜர் பெயரில் ஒரு ஜிமெயில் அக்கவுன்ட் தொடங்கி, கல்லூரி அதற்கு அனுப்பும் படிவத்தில் பதிலை அவர்களே எழுதிப் போடுவார்களாம். விண்ணப்பதாரருக்குக் கொடுத்த முக்கியமான அறிவுரை என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றெல்லாம் அந்தப் படிவத்தில் கேட்பார்கள். கூட வேலை பார்க்காதவர் அதற்கு என்ன எழுத முடியும்? பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும். தம்பி முடியாது என்றான். அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், ‘சர்வீஸ் கொடுத்தாச்சு’ என்று ஒரு வரி மெசேஜ் மட்டும் வந்தது.

மாட்டமாட்டோம் என்று நினைக்காதீர்கள். எஸ்ஸேக்களை டர்னிட்டின் போன்ற, காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவின் யுசிஎல்ஏ ஆண்டர்சன் மேலாண்மைக் கல்லூரி, காப்பியடித்த எஸ்ஸேக்களுக்காக 52 பேரை நிராகரித்தது. இன்சியாட் வீடியோ கேள்விகளும் கேட்கும். யோசிக்கச் சில நொடிகள்தான், கேமரா முன்னால் உடனே பேச வேண்டும். இரவல் கதை அங்கே உதவாது.

நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள். கேள்வி கேட்டுக் கேட்டு நம்மையே எழுதவைப்பார்கள். இந்தத் தொழிலுக்கான சர்வதேச சங்கமான ஏஐஜிஏசி, உறுப்பினர்கள் விண்ணப்பதாரருக்காக எஸ்ஸே எழுதக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறது. ‘நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள், ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், எப்போது பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், டிராஃப்ட், பணம் கட்டிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் அதில் புகார் கொடுத்திருக்கிறோம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.