பினாங்கில் பகுதிநேர எம்பிஏ: வகுப்பறையா, திறந்தநிலையா, கோலாலம்பூர்ப் பயணமா?

நாற்பது வயதைத் தொட்ட பிறகு எம்பிஏ படிக்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறார்கள்: எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் அதிகம், எங்கே கட்டணம் குறைவு? பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒருமுறை பாதியில் விட்டு, மறுமுறை சேர்ந்து முடித்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, படிப்புக்கு வேண்டிய நேரம் உங்கள் வாரத்தின் எந்தப் பகுதியிலிருந்து வரப்போகிறது என்பதே.

அந்த நேரத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் நாட்டின் தகுதிநிலைகளை வரையறுக்கும் எம்.கியூ.ஏ.வின் விதிப்படி, பாடவழி முதுகலைப் பட்டத்துக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வு ஆயத்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம். மொத்தம் 1,600 மணி. இரண்டு ஆண்டுகளில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 15 மணிக்கும் மேல்; மூன்று ஆண்டுகள் என்றால் 10 மணிக்குச் சற்று மேல். எங்கே சேர்ந்தாலும் இந்தச் சுமை குறைவதில்லை. அதை உங்களிடமிருந்து வாங்கும் முறைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

பினாங்கில் இருப்பவருக்கு எதிரில் தெரியும் வழிகள் மூன்று. 1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யு.எஸ்.எம்., கெலுகோரில் தன் வணிக மேற்படிப்புப் பள்ளியின் வழியாக நடத்தும் எம்பிஏ முதல் வழி. 2006-இல் உருவாகி, ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ‘ஹோம்ஸ்டெட்’ மாளிகை வளாகத்தில் இயங்கும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டாவது. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்’ அமைப்போடு இணைந்த நிர்வாகிகளுக்கான எம்பிஏ அங்கே உண்டு. மூன்றாவது, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் பள்ளியின் கூட்டுறவோடு கோலாலம்பூரில் நிறுவிய ‘ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ்’. வேலையில் இருப்பவர்களுக்கென்றே அங்கு ஒரு தனி எம்பிஏ இருக்கிறது.

திறந்தநிலைப் படிப்பின் பலம் யாருக்கும் எளிதில் புரியும். பாடப்பொதி கைக்கு வருகிறது, நேர்வகுப்புகள் குறைவு, இடுபணிகளை ஆசிரியர் திருத்தி அனுப்புகிறார், பருவ முடிவில் தேர்வு. வெளிநாட்டுப் பயணம் அடிக்கடி வரும் விற்பனைப் பொறியாளருக்கும், ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவருக்கும் இதைவிட ஏற்ற ஏற்பாடு இல்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் விலையை நான் நேரடியாகக் கொடுத்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தேன். பெருநிலத்தில், பிறையில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அந்தப் புத்தகங்கள் இருந்தன. இரவு பத்தரைக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு முதல் பக்கத்தைத் திறப்பேன், அப்போது பார்த்து இரவு ஷிப்டு லைன் லீடரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். ‘நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்’ என்று புத்தகத்தை மூட என்னை எதுவும் தடுக்கவில்லை. மூன்றாவது பாடத்தின் தொகுப்பு பிரிக்கப்படாமல் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்த நாளில் படிப்பை நிறுத்தினேன். அந்த நிறுவனத்தின் பாடநூல்களில் குறையே இல்லை. என் வாரத்தில் அந்தப் பத்து மணிக்குக் காவல் இல்லாமல் போனதுதான் காரணம்.

வகுப்பறை அந்தக் காவலைத் தருகிறது. மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் நாட்காட்டியில் எழுதப்பட்டுவிட்டால், மேலாளரும் வீட்டாரும் அதற்குத் தக்கபடி தங்கள் திட்டங்களை மாற்றிக்கொள்கிறார்கள். ‘செவ்வாய்க்கிழமை அவருக்கு வகுப்பு’ என்பது ஒரு மாதத்துக்குள் எல்லாருக்கும் பழகிவிடுகிறது. இடமும் எனக்குச் சாதகமாக அமைந்தது. தீவில் வேலை, பெருநிலத்தில் வீடு என்று வாழும் ஆயிரக்கணக்கானோர் 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தைத் தினமும் கடக்கிறார்கள், நான் இரண்டாம் முறை சேர்ந்த யு.எஸ்.எம். அந்தப் பாலத்தின் தீவு முனைக்கு அருகில் இருப்பதால், வேலை விட்டு வீடு திரும்பும் வழியிலேயே வகுப்பு. நெரிசலில் பாலத்தின் மேல் வண்டிக்குள் கழிந்திருக்கும் நேரத்தின் ஒரு பகுதி வகுப்புக்குள் போனது, அவ்வளவுதான்.

பாடநூல் தராத ஒன்றையும் வகுப்பறையில் பெற்றேன். கையிருப்புச் சரக்கைப் பற்றிய ஒரு பாடத்தில், உதிரிப்பாகம் தீர்ந்தால் லைன் நின்றுவிடும் என்பதால் எப்போதும் கூடுதலாக வாங்கி வைப்பதே பாதுகாப்பு என்று நான் வாதிட்டேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் குடும்ப மளிகைக்கடையை நடத்தும் ஓர் அக்கா எழுந்து, தீபாவளிக்கு முன் கடனில் வாங்கிக் குவித்த சரக்கு தை மாதம்வரை விற்காமல் கிடந்தபோது சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் திண்டாடியதை எண்களோடு விளக்கினார். எங்கள் கிடங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை முடங்கிக் கிடக்கும் பணமாக நான் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். வாரந்தோறும் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் இல்லாத இணைய வகுப்பில் அவர் அவ்வளவு திறந்து பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டணத்தில் கோலாலம்பூர்ப் பள்ளி மற்ற இரண்டையும்விடப் பன்மடங்கு அதிகம். அதற்கு மேல், பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் ஒரு வழிக்கே சுமார் நான்கு மணி நேரம். நிறுவனம் பணம் கட்ட முன்வந்து, பிற நாடுகளின் நிர்வாகிகளோடு பழகும் வாய்ப்பு உங்கள் அடுத்த பதவிக்குத் தேவைப்படுமானால் அது நல்ல தேர்வு. சொந்தப் பணத்தில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யச் சொல்லி யாரையும் நான் தூண்ட மாட்டேன்.

சொந்தப் பணம் என்றதும் பலர் முதலில் நினைப்பது ஊழியர் சேமநிதியைத்தான். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகும், ‘அக்காவுன் செஜாத்ரா’ கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம். எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு: 42 வயதில் எடுக்கும் 20,000 வெள்ளி (ரிங்கிட்), 2023-இல் கிடைத்த 5.5 விழுக்காட்டு இலாப ஈவு தொடர்ந்து கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 55 வயதில் ஏறத்தாழ 40,000 வெள்ளியாகியிருக்கும். படிப்பின் உண்மையான விலை அந்த இரண்டாவது எண். வரியிலும் கவனம் தேவை. முதுகலைப் படிப்புக்கான சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளிவரை வரிக்கழிவு உண்டு. 19 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கு அது 1,330 வெள்ளி மிச்சம். மொத்தக் கட்டணத்தையும் ஒரே ஆண்டில் கட்டினால் அந்தக் கழிவு ஒருமுறைதான் கிடைக்கும். பாடம் பாடமாக மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பிக் கட்டினால் மூன்றுமுறை. மெதுவாகப் படிக்க இடம் கொடுக்கும் திறந்தநிலைப் படிப்புக்கு இது ஒரு நல்ல பலம்.

இன்னொரு வகையிலும் அந்த வழிக்கு நான் தலைவணங்குகிறேன். குடும்பச் சூழலால் எஸ்.டி.பி.எம். என்னும் ஆறாம் படிவத் தேர்வோடு அல்லது டிப்ளோமாவோடு வேலைக்கு வந்து, இருபது ஆண்டுகளில் மேற்பார்வையாளராக உயர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். இளங்கலைப் பட்டம் இல்லை என்பதால் தங்களுக்கு எம்பிஏ கிடையாது என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். முப்பது வயது நிறைந்து, துறைசார்ந்த அனுபவமும் இருந்தால், ‘ஏப்பல்’ எனப்படும் முன் அனுபவ மதிப்பீட்டின் வழியாக அவர்கள் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தச் செய்தி தொழிற்சாலை உணவகங்களில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

சென்ற மாதம் எங்கள் பிரிவில் ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் தம்பி ஒருவர், “அண்ணே, நீங்க படிச்ச இடத்துலயே நானும் சேர்ந்துடவா?” என்று கேட்டார். அவருடைய அடுத்த மூன்று மாத ஷிப்டு அட்டவணையை வாங்கி, என் பழைய வகுப்பு அட்டவணையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்; பாதிக்குமேல் மோதின. வாவாசானில் பருவத்துக்கு இரண்டு பாடம் மட்டும் எடுக்கும்படியும், ஓய்வுநாள் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை ஓ.டி. எனும் மிகைநேர வேலைக்கு ஒப்புக்கொள்வதில்லை என்று இப்போதே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடும்படியும் கூறினேன். முதலாவதற்கு உடனே தலையசைத்தார். இரண்டாவதற்கு, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.