காப்பீட்டு அட்டையா, வீடு தேடி வரும் மருந்தா?

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே, அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் செய்யும் வேலையே வேறு: அட்டை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் தமிழக அரசுத் திட்டம்.

செலவு: அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை இலவசம்.

தகுதி: அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அங்கே வருமானச் சான்று கேட்பதில்லை.

எளிமை: 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்களாக வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரையும் கொடுப்பதால், பஸ் ஏறி வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

இதய அறுவை சிகிச்சை என்றால் அட்டைதான். சர்க்கரை, பிரஷர் என்றால் வீட்டு மருந்து. அரசு எதை முதலில் பலப்படுத்த வேண்டும் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், சர்க்கரையைத் தொடக்கத்திலேயே கட்டுக்குள் வைத்தால் பலருக்குச் சிறுநீரகம் தப்பிக்கும்.