மசில் கார் எக்ஸாஸ்ட்: போர்லா, கோர்சா, மேக்னாஃப்ளோ, ஃப்ளோமாஸ்டர் – எது யாருக்கு?

மஸ்டாங் ஜிடி, கமாரோ எஸ்எஸ், சேலஞ்சர் ஆர்/டி என்று எந்த வி8 (எட்டு சிலிண்டர்) மசில் கார் வைத்திருந்தாலும் சரி, எக்ஸாஸ்ட் மாற்றும் எண்ணம் வந்தால் முதலில் கால்குலேட்டரை எடுங்கள். யூட்யூப் கிளிப்பெல்லாம் அப்புறம். ஹைவேயில் வழக்கமாகப் போகும் வேகத்தில் உங்கள் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடுகிறது? வாங்கும் எக்ஸாஸ்ட் செட் வண்டியிலேயே நிலைக்குமா, நாலு மாதத்தில் பாதி விலைக்குக் கைமாறுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

கணக்கு சுலபம். மணிக்கு எத்தனை மைல் என்பதை 336-ஆல் பெருக்கி, அதைப் பின் ஆக்சில் ரேஷியோவாலும் (பின் சக்கரம் ஒருமுறை சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) டாப் கியர் ரேஷியோவாலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுக்க வேண்டும். ஆக்சில் 3.55, டாப் கியர் 0.63, டயர் 27 அங்குலம், வேகம் 70 மைல் என்றால் விடை ஏறத்தாழ 1,950 ஆர்பிஎம். வி8-ல் ஒரு சுற்றுக்கு நாலு முறை தீப்பொறி. ஆக, வினாடிக்கு 130 வெடிப்பு, அதாவது 130 ஹெர்ட்ஸ். அதே வண்டியில் ஆக்சில் 3.15 என்றால் 1,730 ஆர்பிஎம், 115 ஹெர்ட்ஸ். காருக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் கூரைத் தகடும் எளிதில் அதிரத் தொடங்குவது இந்த மாதிரித் தாழ்ந்த சுருதியில்தான். ட்ரோன் என்று எக்ஸாஸ்ட் கடையில் சொல்வது இதைத்தான்: ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்திருக்கும்போது காதை அழுத்தும் ஒற்றைச் சுருதி இரைச்சல். பெரும்பாலும் 1,500-க்கும் 2,200-க்கும் இடையில் தலைகாட்டும். ஒரே செட் ஒருவர் வண்டியில் சாதுவாகவும் இன்னொருவர் வண்டியில் தலைவலியாகவும் இருப்பதற்கு ஆக்சில் ரேஷியோ பெரிய காரணம். விமர்சனம் படிக்கும்போது எழுதியவர் வண்டியின் கியர்பாக்ஸும் ஆக்சிலும் என்ன என்று பாருங்கள். அது இல்லாத "ட்ரோனே இல்லை" சான்றிதழை நம்ப வேண்டாம்.

கிளிப்புகளுக்கு ஏன் இரண்டாம் இடம்? போன் மைக் சத்தம் கூடினால் தானாகவே அதை அமுக்கும், குறைந்தால் தூக்கிக்கொடுக்கும். எனவே இரண்டு கிளிப்பை வைத்து எது சத்தம் அதிகம் என்று ஒப்பிட முடியாது. குரலின் தன்மை ஓரளவு புரியும், அவ்வளவுதான். அதிலும் வண்டிக்குப் பின்னால் நின்று எடுத்ததைவிட, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்து 65–75 மைல் வேகத்தில் எடுத்த கிளிப்தான் உபயோகம்.

இனி குரலுக்கு வருவோம். அமெரிக்க வி8-க்கே உரிய அந்தக் 'குடுகுடு' சைலன்சரில் பிறப்பதில்லை. கிராஸ்பிளேன் கிராங்க் ஷாஃப்டில், அதாவது பிஸ்டன்கள் இணையும் முழங்கைகள் சிலுவை வடிவில் அமைந்த தண்டில், பிறக்கிறது. ஜிஎம்மின் எல்எஸ் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-8-7-2-6-5-4-3. இடது பேங்கில், அதாவது இடப்பக்க சிலிண்டர் வரிசையில், இருப்பவை 1, 3, 5, 7. இன்ஜின் முழுக்கப் பார்த்தால் 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, சீராக. இடது பேங்கை மட்டும் தனியாகக் கேட்டால் இடைவெளி 180, 270, 180, 90 என்று நொண்டியடிக்கும். இந்த நொண்டல்தான் நமக்குப் பிடித்த குரல். இரண்டு பேங்கின் குழாய்களையும் எச் பைப்பால் (நடுவே ஒரு குறுக்குக் குழாய்) இணைத்தால் அழுத்தம் மட்டும் ஓரளவு சமன்படும், நொண்டல் தங்கும், குரல் அடித்தொண்டையில் இருக்கும். எக்ஸ் பைப்பில் (இரண்டு குழாயும் எக்ஸ் போலச் சேர்ந்து பிரியும்) இரண்டு பேங்கின் துடிப்பும் கலந்து சீராகின்றன. குரல் மேலேறி, கூர்மையாகி, ரேஸ் காரின் பக்கம் சாயும். உச்ச ஆர்பிஎம்மில் எக்ஸ் பைப்புக்குச் சில எச்.பி. சாதகம் உண்டு. ஆனால் தெருவில் ஓட்டும்போது அது தெரியாது, குரல் வித்தியாசம் தெரியும். பழைய மசில் கார் குரல்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு எச் பைப்புக்கு.

சைலன்சர் விஷயத்தில் தலைப்பிலுள்ள நாலு பெரிய எக்ஸாஸ்ட் கம்பெனிகளும் வேறு வேறு வழியில் போகின்றன.

ஃப்ளோமாஸ்டர் அறை வகைக்குப் பெயர்போனது. உள்ளே ஒலி உறிஞ்சும் பஞ்சு கிடையாது, வெறும் தகட்டுத் தடுப்புகள். ஒலி அவற்றில் மோதித் திரும்பித் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். 40 சீரிஸ், சூப்பர் 44 இரண்டும் இரண்டு அறை. முரட்டுக் குரல், ஐடிலிலேயே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். 50 சீரிஸ் அடங்கியது. பஞ்சு இல்லாததால் கரிந்துபோக எதுவும் இல்லை, பல வருடம் கழித்தும் குரல் பெரிதாக மாறாது. ட்ரோனுக்கு வாய்ப்பு அதிகம் என்பதுதான் 40 சீரிஸில் குறை. கார்புரேட்டர் காலத்து வண்டியை வாரம் ஒருமுறை எடுப்பவருக்குப் பொருந்தும். தினமும் 40 மைல் ஹைவேயில் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேக்னாஃப்ளோ நேர்க்குழாய் வகை. துளையிட்ட குழாய் சைலன்சருக்குள் நேராகப் போகும், சுற்றிலும் ஒலி உறிஞ்சும் நார். ஒரு முனையில் பார்த்தால் மறுமுனை தெரியும். காற்றுக்குத் தடை மிகக் குறைவு, குரல் வழவழப்பாக இருக்கும். ஸ்ட்ரீட் சீரிஸ் மிதம், காம்பெடிஷன் சீரிஸ் உரக்க. முதல் எக்ஸாஸ்ட் வாங்குபவர் ஸ்ட்ரீட் சீரிஸில் தொடங்கினால் வருந்த வாய்ப்பு குறைவு.

போர்லாவும் நேர்க்குழாய்க் குடும்பம்தான். பெரும்பாலான வண்டிகளுக்கு, சத்தம் கூடும் வரிசையில், மூன்று படிநிலை: டூரிங், எஸ்-டைப், அட்டாக். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூன்றில் உரக்க இருப்பது எதுவோ அதை வாங்கிவிட்டு, ரெசனேட்டர் (கூடுதல் சிறு ஒலியடக்கி) வைத்துச் சத்தத்தைக் குறைக்க மறுபடி செலவு செய்கிறார்கள். எஸ்-டைப்பே வண்டியோடு வந்த கம்பெனி எக்ஸாஸ்டைவிட நன்றாக உரக்க இருக்கும். அட்டாக்கை எடுப்பதாக இருந்தால் அதே மாடல் வண்டியில், அதே ஆக்சிலில், உள்ளே உட்கார்ந்து கேட்ட பிறகு எடுங்கள்.

கோர்சாவின் பலம் ட்ரோன் கட்டுப்பாடு. சைலன்சருக்குள் வாயு நேராகப் போக, ஒலி அலைகளைப் பக்க அறைகளுக்குள் வாங்கி, எதிர்க் கட்டத்தில் (மேட்டுக்குப் பள்ளம் சேரும்படி) திருப்பி அனுப்பி, தொல்லை தரும் அலைவரிசையை மட்டும் ரத்து செய்கிறார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முழுக் குரல், விட்டால் உள்ளே பேச்சு கேட்கும். அந்தந்த வண்டிக்கென்று சுருதி சேர்த்ததால்தான் இது வேலை செய்கிறது. அதனால் ஆக்சில் ரேஷியோவை மாற்றினாலோ லாங் ட்யூப் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் நீண்ட தனித்தனிக் குழாய்கள்) போட்டாலோ பழைய அமைதி அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விலையில் நாலு பேரில் மேல்தட்டு. தினசரி ஓட்டும் வண்டிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

நிதானமாகப் போகும்போது பெட்ரோலைச் சேமிக்கப் பாதி சிலிண்டரை அணைக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் சேலஞ்சர் ஆர்/டி-யில் எம்டிஎஸ், ஆட்டோமேட்டிக் கமாரோ எஸ்எஸ்ஸில் ஏஎஃப்எம் என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. மேனுவல் கியர் என்றால் இந்த இரண்டிலும் இது இல்லை, மஸ்டாங் ஜிடியின் கயோட்டி இன்ஜினிலும் இல்லை. நாலு சிலிண்டர் மட்டும் ஓடும்போது 1,950 ஆர்பிஎம்மில் வெடிப்பு 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இவ்வளவு தாழ்ந்த சுருதியை அடக்க நீளமான குழாய் வேண்டும். ட்ரோனை ஒழிக்கப் பக்கவாட்டில் பற்றவைக்கும் முனை மூடிய ஜே பைப்பின் நீளம், அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு. மூடிய குழாயில் வாயு சற்றுக் குளிர்ந்து 150–200 டிகிரி செல்சியஸ் இருந்தால் 130 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 80–85 செ.மீ. போதும். 65 ஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டும், வண்டிக்கு அடியில் அதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு. அந்த வண்டிகளுக்கு வாங்கும்போது, சிலிண்டர் அணைக்கும் மாடலுக்கென்றே தயாரித்த பார்ட் நம்பரா என்று கேளுங்கள்.

சக்தியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். பின் சைலன்சரை மட்டும் மாற்றும் ஆக்சில்-பேக் சத்தத்துக்கு மட்டுமே. கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் எல்லாவற்றையும் மாற்றும் கேட்-பேக், இன்றைய வி8-ல் உச்சத்தில் ஐந்து முதல் பத்துப் பதினைந்து எச்.பி. தந்தால் நல்ல செட். கம்பெனிக்காரர்களே இப்போது பின்பக்கக் குழாயைத் தாராளமாக வைக்கிறார்கள், நெருக்கடி இருப்பது ஹெடரிலும் கேட்டலிட்டிக்கிலும். 20 எச்.பி.க்கு மேல் வேண்டுமென்றால் லாங் ட்யூப் ஹெடரும் இசியூ (இன்ஜினின் கணினி) ட்யூனும் சேர்ந்து வர வேண்டும். விளம்பர டைனோ (சக்தி அளக்கும் இயந்திரம்) தாளில் எஸ்டிடி திருத்தமா, எஸ்ஏஇ திருத்தமா என்று பாருங்கள்; இரண்டும் வானிலைக்கு ஏற்ப அளவைத் திருத்தும் முறைகள். எஸ்டிடி சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 400 எச்.பி.யில் அதுவே 16. "முன்பு" எஸ்ஏஇ, "பின்பு" எஸ்டிடி என்றால் எக்ஸாஸ்டே மாற்றாமல் 16 எச்.பி. கிடைத்துவிடும்!

"பேக்பிரஷர் (குழாயில் புகைக்கு எதிரான அழுத்தம்) கொஞ்சம் இருந்தால்தான் டார்க் (சுழற்றும் விசை) வரும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. தேவைப்படுவது தடை அல்ல, வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரின் துடிப்பு வேகமாகப் போகும்போது பின்னால் வரும் தாழ்ந்த அழுத்தம் அடுத்ததை இழுக்கும். ஹெடர் குழாய் தேவைக்கு மேல் தடித்தால் அந்த வேகம் போய்விடும், கீழ் ஆர்பிஎம் மந்தமாகும். கேட்டலிட்டிக்கைத் தாண்டிய பிறகு இந்தக் கவலை சிறிது. 450 எச்.பி. வரை இரட்டைக் குழாய் 2.5 அங்குலமே தாராளம். 3 அங்குலம் சூப்பர்சார்ஜர் திட்டம் உள்ளவருக்கு. மற்றவர்களுக்கு அது கூடுதல் சத்தம்தான்.

லாங் ட்யூப் பக்கம் போவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். சாலையில் ஓடும் வண்டியில் கேட்டலிட்டிக்கைக் கழற்றுவது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் ஹெடருக்குக் கார்ப் என்ற மாநிலக் காற்றுத்தர அமைப்பின் ஒப்புதல் எண் வேண்டும். கேட்-பேக்குக்கு அந்த எண் வேண்டாம், ஆனால் 6,000 பவுண்டுக்குக் குறைந்த கார்களுக்கு 95 டெசிபல் வரம்பு உண்டு. அளப்பது குழாய் முனையிலிருந்து 20 அங்குலத்தில், 45 டிகிரி கோணத்தில். 2019 முதல் வரம்பு மீறினால், சரிசெய்து காட்டித் தப்பிக்க வழியில்லாமல் நேரடி அபராதம்.

உலோகத்தில் மூன்று ரகம். அலுமினியப் பூச்சு எஃகு மலிவு, ஆனால் பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்து அங்கிருந்துதான் துரு தொடங்கும். 409 ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறும், ஓட்டை விழ நாளாகும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊரென்றால் 304 தவிர வேறு எடுக்காதீர்கள். 304-ல் காந்தம் ஒட்டாது அல்லது மிக லேசாகவே ஒட்டும், 409-ல் பச்சக்கென்று ஒட்டும். பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. வளைவுகளையும் தடவிப் பாருங்கள். உள்ளே அச்சு வைத்து வளைக்கும் மேண்ட்ரல் வளைவில் விட்டம் குறையாது. உள்பக்கம் சுருக்கம் தட்டுப்பட்டால் அமுக்கி வளைத்த மலிவு வேலை.

மாட்டுவது ஒருநாள் வேலை. முந்தைய நாள் இரவே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விடுங்கள். ரப்பர் ஹேங்கரைக் கத்தியால் அறுக்க வேண்டாம், சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். சில வண்டிகளில் பழைய குழாயை அறுத்தே ஆக வேண்டும். கையேட்டிலுள்ள அளவைக் குழாயில் குறித்து, புதுக் குழாயைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே ரம்பத்தை வையுங்கள். முதலில் எல்லாக் கிளாம்பும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும். முழுதும் தொங்கிய பிறகு டிப்புகளை (வெளியே தெரியும் குழாய் முனைகள்) பம்பரின் வெட்டுக்கு நேராக நிறுத்தி, முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். பின்னாலிருந்து தொடங்கினால் டிப் கோணலாகும், குழாய் ஆக்சிலில் இடிக்கும். எங்கும் அரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். சூட்டில் குழாய் நீளும்.

எக்ஸாஸ்டுக்குள் மோட்டாரால் திறந்து மூடிச் சத்தத்தை மாற்றும் ஆக்டிவ் வால்வு உள்ள வண்டியென்றால் மோட்டார் இணைப்பு அதே பக்கத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். சும்மா கழற்றிவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். கைரேகை படிந்த இடங்களை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், இல்லையென்றால் ரேகை குழாயில் வெந்து நிரந்தரமாகிவிடும். முதல் பத்து நிமிடம் எண்ணெய்ப் புகை வரும், அது இயல்பு. நேர்க்குழாய் வகையில் முதல் சில நூறு மைலில் குரல் சற்று ஆழமாகும். ஆறிய பிறகு எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் 'டிக் டிக்' கேட்டு, சூடானதும் மறைந்தால் ஏதோ ஒரு இணைப்பில் கசிவு. அது ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் என்றால் விட்டுவைக்காதீர்கள். துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபடும், கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும், இசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் இறங்கும், நாளடைவில் கேட்டலிட்டிக்கும் கெடும். குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, ஒருவர் தடித்த துணியால் டிப்புகளை லேசாகப் பொத்த, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளித்தால் குமிழி வரும் இடம்தான் கசிவு.