செடி வண்டியில் வரும் 'ஒட்டுக்கன்று': நாடாவைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கம் தெருத்தெருவாகச் செடி வண்டி வர ஆரம்பித்துவிடும். இந்த ஆடியில் எங்கள் தெருவுக்கு வந்த வண்டியில் ரோஜா 150 ரூபாய், மா ஒட்டு (நல்ல ரக மரத்தின் தண்டை வேறொரு கன்றின் அடித்தண்டோடு பொருத்தி வளர்த்த கன்று) 350 ரூபாய். "ஒட்டுக்கன்னுதாங்க, மூணாம் வருசமே காய்ச்சிரும்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே விற்றார்கள். ரசீது கிடையாது. கொடுத்துவிட்டுப் போன செல் நம்பர் மறுநாளே சுவிட்ச் ஆஃப். ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் காய்ந்தன. மாங்கன்றுகளில் ஒன்றுகூட ஒட்டு இல்லை. அந்த வண்டி வேறு ஊர்களில் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கும், அதனால்தான் இந்தப் பதிவு.

மாங்கன்றில் நடந்தது இதுதான். கொட்டை போட்டு முளைத்த கன்றின் தண்டைக் கத்தியால் லேசாகக் கீறி, அந்த இடத்தில் பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். நாடாவைப் பிரித்தால் கீறலுக்கு மேலும் கீழும் ஒரே தண்டு, ஒரே பட்டை, ஒரே நிறம். கீறல் பட்டையைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. உண்மையான ஒட்டில் இரண்டு தண்டுகள் சேர்ந்த தடம் கண்ணுக்குத் தெரியும். இளந்தண்டு ஒட்டு என்றால் ஆப்பு வடிவத்தில் இரண்டு பக்கமும் தழும்பு ஓடும். மேல்தண்டும் அடித்தண்டும் பெரும்பாலும் தடிமனிலோ பட்டை நிறத்திலோ வேறுபடும். பக்க ஒட்டு என்றால் அடிச்செடியின் தலையை வெட்டிய முண்டு ஒட்டுக்கு அருகில் நிற்கும். இரண்டும் இல்லையென்றால் அது கொட்டைக் கன்றுதான். கொட்டைக் கன்று தாய் மரத்தின் பழத்தைத் தரும் என்று நம்பி இருக்க முடியாது. காய்க்கவும் ஒட்டைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகும். இமாம்பசந்த் என்று நட்டு, ஏதோ ஒரு புளிப்பு மாங்காயைப் பறிக்கும்போது விற்றவரை எங்கே போய்த் தேடுவது?

"நாடாவைப் பிரிச்சா செத்துருங்க" என்று விற்பவர் தடுப்பார். ஒட்டு நன்றாகக் கூடிய கன்றுக்கு நாடா தேவையில்லை. பிரித்தால் செத்துவிடும் என்றால் அந்தக் கன்று விற்பனைக்கே தயாராகவில்லை. இரண்டில் எதுவானாலும் வாங்க வேண்டாம். நல்ல ஒட்டாக இருந்தாலும் நட்ட பிறகு நாடாவை அப்படியே விட்டுவிடக் கூடாது. தண்டு பருக்கும்போது அது பட்டைக்குள் பதிந்து கழுத்தை நெரிக்கும், காற்றில் அந்த இடத்திலேயே முறியும்.

ரோஜாவில் ஏமாற்று வேறு விதம். பூவும் மொட்டுமாக இருந்த செடியின் அடியில் செம்மண் களி உருண்டை. காய்ந்த செடியின் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் மண் கரைந்து விஷயம் வெளியே வந்துவிடும்: விரல் தடிமனில் வெட்டிய குச்சி, அடியில் வெள்ளையாக ஒரு தடிப்பு, ஒன்றிரண்டு நூல் வேர். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்திலேயே மொட்டு விரியும், தளிரும் வரும். அது தீர்ந்ததும் நுனியிலிருந்து கருகும். செடியில் பூ இருக்கிறது என்பதற்காக வேர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்கும்போது தண்டை அடியில் பிடித்து மிக மெதுவாக ஆட்டுங்கள். வேர் பிடித்த செடி என்றால் உருண்டையும் சேர்ந்து அசையும். தண்டு மட்டும் தனியாக ஆடினால் விட்டுவிடுங்கள்.

வேர் உள்ள செடியையும் இந்த உருண்டை கொல்லும். தொட்டியில் லேசான கலவை போட்டு நடுவில் களி உருண்டையை வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள கலவை வழியாகவே இறங்கிப் போய்விடும். உருண்டை உள்ளே செங்கல் போல இறுகிக் கிடக்கும். மேல்மண் ஈரமாகத் தெரியும், செடி வாடும், இன்னும் ஊற்றுவோம், கடைசியில் தொட்டி அடியில் அழுகல். எனவே நடும் முன் உருண்டையை ஊறவைத்து, வெளிக்களியில் பாதியையாவது விரலால் கரைத்துவிட்டு நடுங்கள். வேர் அறக்கூடாது. ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

நம் வயல் மண்ணைத் தொட்டியில் தனியாகப் போடாதீர்கள். வண்டல் களி ஈரத்தில் அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் தொட்டிச் சுவரைவிட்டு விலகி வெடிக்கும். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, கருக்கிய உமியோ கழுவிய தேங்காய் நார்க்கழிவோ 1 பங்கு போதும். ரைஸ் மில் சாம்பலைக் கருக்கிய உமி என்று விற்கிறார்கள். கருக்கிய உமி கறுப்பாக, உமி வடிவம் மாறாமல் இருக்கும். வெளுத்த தூள் என்றால் சாம்பல், காரத்தன்மை கூடிவிடும். அதே வண்டியில் விற்ற மண்புழு உர மூட்டையும் சரியில்லை: ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்ததில் அடியில் மணல்தான் தங்கியது.

தரையில் மா வைப்பவர்கள் மேடு கட்டி நடுங்கள். ஆடியில் பள்ளத்தில் வைத்த கன்று ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீரில் வேர் அழுகிப் போகும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

தென்னம்பிள்ளையிலும் இதே வண்டிகள் கைவரிசை காட்டுகின்றன. 2018 கஜா புயலில் மரங்களைப் பறிகொடுத்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 இலை, கழுத்துச் (தேங்காயிலிருந்து தண்டு கிளம்பும் இடம்) சுற்றளவு 10 செ.மீ. இதில் குறைந்தால் ஒதுக்குங்கள். உயரமாக, மெலிந்து நிற்கும் பிள்ளை நிழலில் நெருக்கி வளர்த்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு மருங்குளம் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. தென்னைக்கு வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். கன்று இருப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தனியார் நர்சரி என்றால் ரசீதில் ரகத்தின் பெயரையும் 'ஒட்டு' என்ற சொல்லையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.