பனானா பிரெட் கிளாஸுக்கு 2,400 கட்டி ஏமாந்தேன், நீங்களும் மாட்டிக்காதீங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. அரைமணி நேரம் முன்னாடிதான் அந்த குரூப்ல இருந்து என்னைத் தூக்கினாங்க. இந்த மாதிரி ஆட்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கடைசியில விவரமா சொல்றேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

வீட்டுலயே பனானா பிரெட், ஒருநாள் லைவ் கிளாஸ், எப்ப வேணா சந்தேகம் கேட்கலாம்னு வீடியோ பார்க்கிற ஆப்புல ஒரு விளம்பரம். பேர் போடலை, போட்டா அது இன்னொரு வம்பு. ராத்திரி பத்தரைக்கு, "எனக்கு கேக்கே ஒழுங்கா வராதுங்க, இது வருமா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். ரெண்டே நிமிஷத்துல வாய்ஸ் மெசேஜ். "நான் இருக்கேன்ல சிஸ். உங்க கையால முதல் பிரெட் வர்ற வரைக்கும் விட மாட்டேன்." பின்னாடி ஒரு குழந்தை அழற சத்தம். பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நமக்குப் பதில் சொல்றாங்களேன்னு மனசு இளகிப்போச்சு. அங்கதான் விழுந்தேன். 2,400. அந்த நிமிஷமே அனுப்பிட்டேன்.

லைவ்னு சொன்னது, என்னைக்கோ எடுத்து வெச்ச 22 நிமிஷ வீடியோ. கூட ஒரு பக்க ரெசிபி. ரெண்டு கப் மைதா, கறுத்த வாழைப்பழம் மூணு, பேக்கிங் சோடா ஒரு டேபிள்ஸ்பூன், 350 டிகிரியில ஒரு மணி நேரம். என் ஓவன்ல 250க்கு மேல திருகவே முடியாது. கேட்டேன், பதில் இல்லை. சரி, இருக்கறதுல அதிகம்னு 250ல வெச்சேன். இருபது நிமிஷத்துல மேல கரி. நடுவுல கத்தியை விட்டா பச்சை மாவு கொழகொழன்னு ஒட்டிக்கிட்டு வருது. ஓரத்தைப் பிச்சு வாயில போட்டேன், சோப்பைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு.

குரூப்ல படம் போட்டேன். "பழம் பழுத்தது பத்தலை சிஸ்." தொட்டாலே நசுங்கற பழம்ங்க அது! "அப்போ மாவை ரொம்ப அடிச்சிருப்பீங்க." மாவு மறையற வரைக்கும்தான் கரண்டியால பிரட்டினேன். "உங்க ஓவன்ல கோளாறு." அதுக்கப்புறம் வெறும் நீல டிக்.

நானும் என் கைராசியைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். பேக்கிங் தெரிஞ்ச அத்தை பொண்ணுகிட்ட ரெசிபியைக் காட்டினதும் தலையில அடிச்சுக்கிட்டா. அந்த 350 ஃபாரன்ஹீட்டாம். செல்சியஸ்ல 175, 180 வெச்சாப் போதும். சோடாவும் அந்த அளவு மாவுக்கு ஒரு டீஸ்பூன்தான், இவங்க போடச் சொன்னது மூணு மடங்கு. பழத்துல இருக்கற லேசான புளிப்பு அத்தனை சோடாவை அடக்காது. மிஞ்சறதுதான் சோப்பு ருசி, கறுத்துப் போறதுக்கும் அதுவும் ஒரு காரணம். எங்கேயோ பார்த்து எழுதியிருக்காங்க, ஒருதடவை கூட செஞ்சு பார்த்திருக்க மாட்டாங்க.

சந்தேகம் வந்து வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாவை ஊத்தி ஓவனுக்குள்ள வைக்கிறது கறுப்பு டின். வெளியே எடுக்கிறது வெள்ளி நிற டின்! நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்துட்டேன்.

2,400ஐத் திருப்பிக் கேட்டா, "வீடியோ பார்த்தாச்சுன்னா ரீஃபண்ட் கிடையாது". டின் விஷயத்தைக் குரூப்ல எழுதினேன். ஒரு நிமிஷம் கூட ஆகலை, மெசேஜும் காணோம், நானும் காணோம். இன்னும் எத்தனை பேர் அதே 2,400ஐக் கட்டிட்டு, தன் பழத்தையே குறை சொல்லிக்கிட்டு இருக்காங்களோ.

விவரமா சொல்றேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. டிகிரிக்குப் பக்கத்துல செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு எழுதலைன்னா தொடாதீங்க. சோடா டேபிள்ஸ்பூன் கணக்குல இருந்தா ஓடிருங்க. பணம் அனுப்பறதுக்கு முன்னாடி, முன்ன படிச்ச யாராவது சுட்ட பிரெட்டைக் காட்டச் சொல்லுங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே குரூப்ல இருக்கற ஒருத்தங்க படம் அனுப்பறாங்க. அடுத்த பேட்ச் அறிவிப்பு. படத்துல அதே வெள்ளி டின்.