பிக்கப் வண்டிக்கு எல்.டி. டயர் மாற்றிய பின் எத்தனை பி.எஸ்.ஐ. காற்று? மூன்று ஆண்டு அனுபவம்

டெக்சாஸில் நான் ஓட்டும் ஃபோர்டு எஃப்-150 வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பி275/65ஆர்18 டயர்களைக் (பி என்றால் பயணிகள் கார் வகை) கழற்றிவிட்டு, அதே அளவில் எல்.டி. எனப்படும் இலகு லாரி வகை, லோடு ரேஞ்ச் ஈ (அதிகச் சுமை தாங்கும் தரம்) டயர்களைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 40,000 மைல் ஓடியிருக்கின்றன. டயரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவிட்ட நான், காற்றின் அளவை மட்டும் கடைக்காரரிடமே விட்டுவிட்டேன். அவர் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) நிரப்பி அனுப்பினார். காலி வண்டி சிறு பள்ளத்துக்கெல்லாம் துள்ளியது; மழையில் பின்சக்கரங்கள் வழுக்கின. 6,000 மைலில் அளந்து பார்த்தபோது, பின் டயர்களின் நடுப்பகுதி ஓரத்தைவிட 1 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

உடனே கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த 35 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினேன். அதுவும் தவறு. ஜல்லி ஏற்றி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தியபோது, பின் டயரின் பக்கச்சுவரில் கை வைக்க முடியவில்லை.

காரணம் டயரின் சுமை அட்டவணையில் இருக்கிறது. பழைய டயர் 35 பி.எஸ்.ஐ. காற்றில் 1,180 கிலோ தாங்கும். பிக்கப் வண்டியில் பொருத்தும்போது அதை 1.1 ஆல் வகுத்து, ஏறத்தாழ 1,073 கிலோ என்றே கணக்கிட வேண்டும். அதே அளவுள்ள எல்.டி. டயர், ஈ-யைவிடக் குறைந்த தரமான லோடு ரேஞ்ச் சி வகையில், 1,150 கிலோ தாங்குவதற்கு 50 பி.எஸ்.ஐ. கேட்கிறது. அதாவது, தடித்த டயர் என்பதால் குறைந்த காற்று போதும் என்ற எண்ணம் தலைகீழானது. என் டயரின் பக்கச்சுவரில் உள்ள 80 பி.எஸ்.ஐ. என்பதோ, அதன் உச்ச சுமையான 1,550 கிலோவுக்கு உரிய காற்றே தவிர, தினமும் நிரப்பச் சொல்லும் அளவு அன்று.

பிறகு, லாரிகள் நிற்கும் நிறுத்தத்தில் இருந்த எடைமேடையில் குடும்பத்தோடு வண்டியை ஏற்றினேன். முன் அச்சு 1,430 கிலோ, பின் அச்சு 1,180 கிலோ; ஒரு டயருக்கு அதில் பாதி. அட்டவணை கேட்பதற்கு மேல் சற்றுக் கூட்டி, முன்னே 42, பின்னே 40 என வைத்தேன். 450 கிலோ ஜல்லி ஏற்றும் நாளில் பின்னே 50. டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, நேரான சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தேன். கோடு நடுவிலும் ஓரங்களிலும் ஒரே சீராக அழிந்திருந்தது. அன்றிலிருந்து தேய்மானமும் சீராகவே இருக்கிறது, முதலில் இழந்த அந்த 1 மி.மீ. மட்டும் இழந்ததுதான்.

அளப்பது எப்போதும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்புதான். ஓடிச் சூடான டயரில் காற்று கூடிக் காட்டுவது இயல்பு. அப்போது இறக்கிவிடக் கூடாது. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாள்களில், வெப்பம் 10 பாரன்ஹீட் டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும்.

எல்.டி. டயர் மாற்றியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டயர் காற்று எச்சரிக்கை விளக்கு பழைய 35 அளவை வைத்தே இயங்குவதால், சுமார் 26 வரை இறங்கினால்தான் எரியும். 40 தேவைப்படும் டயருக்கு அது மிகவும் தாமதம். எனவே விளக்கை நம்பாமல், மாதம் இருமுறை நானே கையால் அளந்து வருகிறேன்.