சித்திரை வீதிச் சிப்பிப் பெட்டி: அலமாரிக்குச் சரி, வகுப்புக்கு?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ஒன்றில், கண்ணாடி மூடி போட்ட ‘கடல் சிப்பித் தொகுப்பு’ 450 ரூபாய்க்கு விற்கிறார்கள். நரிமேட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். மெல்லுடலிப் பாடம் வரும்போது கையில் கொடுத்துக் காட்ட ஏதாவது இருக்கட்டும் என்று வாங்கினேன்.

பெட்டி அழகுதான். பஞ்சு வைத்து, தனித்தனி அறை பிரித்து, சோழியும் சங்கும் ஆடாமல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சண்டை ஸ்காலப் சிப்பியோடு.

விசிறி மாதிரி விரிந்த, மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத ஜோடி ஓடு. அடியில் ‘பெக்டன்’ என்று அச்சடித்த சீட்டு. பெக்டன் பேரினமாக இருந்தால் வலது ஓடு நன்றாகக் குழிந்திருக்கும், இடது ஓடு தட்டையாக மூடி போல இருக்கும். இதிலோ இரண்டு ஓடும் ஏறக்குறைய ஒரே அளவு புடைத்திருக்கின்றன. இரு ஓடும் சேரும் கீலிலிருந்து விசிறியாக விரியும் உருண்டையான ஆரவரிகள், பழுப்புத் திட்டுகள். என் கணிப்பில் இது நம் பாக் நீரிணைப் பக்கம் இழுவலையில் வரும் வோலாக்லாமிஸ் ட்ராங்குபேரியா. 1791-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் க்மெலின் இதை ஆஸ்ட்ரியா (Ostrea) பேரினத்தில், அதாவது ஆளிகளோடு சேர்த்து விவரித்தார். லின்னேயஸ் காலத்திலிருந்தே ஸ்காலப்புகளை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். வோலாக்லாமிஸ் என்ற பேரினத்தைச் சிப்பி ஆய்வாளர் ஐரிடேல் வகுத்தது 1939-இல்தான். ட்ராங்குபேரியா என்ற சிற்றினப் பெயர் தரங்கம்பாடியிலிருந்து (ஐரோப்பியர் வாயில் ட்ராங்குபார்) வந்தது. அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். நம்ம ஊர்ச் சிப்பிக்கு அந்தப் பெயரையே சீட்டில் போட்டிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் பார்ப்பார்கள்!

சீட்டையாவது கிழித்துவிட்டு நாமே எழுதிக்கொள்ளலாம். வார்னிஷை என்ன செய்வது? ஓடு பளபளக்க வேண்டும் என்று அமிலத்தில் முக்கி எடுத்து, மேலே தடிமனாகப் பூசியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஸ்காலப் ஓடு பெரும்பாலும் கால்சைட், அதாவது அமிலத்தில் கரையும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் முதலில் போவது நுண்ணிய செதுக்கல்தான். நான் காட்ட நினைத்ததும் அதைத்தான். கீலின் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளில், வலது ஓட்டின் முன்காதுக்குக் கீழே ஒரு வெட்டு இருக்கும். சிப்பி தன்னைப் பாறையில் கட்டிக்கொள்ளும் இழைகள் வெளியே வருவது அதன் வழியாகத்தான். அந்த வெட்டின் ஓரத்தில் வரிசையாகச் சிறு பற்கள் இருக்கும். ஸ்காலப்புகளின் பெக்டினிடே குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது. சில இனங்களில் வளர்ந்த பிறகு மறைந்துவிடும். பெட்டியில் இருந்த ஓட்டில் அந்த இடம் முழுக்க வார்னிஷ் அடைத்துக் கிடக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு ஓட்டையும் பசை வைத்து ஒட்டிவிட்டார்கள், உள்பக்கம் பார்க்கவே வழியில்லை.

திரும்பப் போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். பணத்தைத் தர மாட்டார், ஆனால் மனிதர் நல்லவர். கல்லாவுக்குக் கீழே இருந்த கூடையை இழுத்துக் காட்டினார்.

“இது கழுவாத சரக்கு டீச்சர், லேசா கவிச்சி அடிக்கும்.”

“அடிக்கட்டும்ணே, இதைத்தான் தேடுனேன்.”

உதிரி ஓடு ஒன்று பத்து ரூபாய். என் சிபாரிசு இந்தக் கூடைதான். காது உடையாததாகப் பொறுக்குங்கள். வெட்டு இருந்தால் வலது ஓடு. அதே அளவில் வெட்டில்லாத இடது ஒன்றையும் எடுத்துக்கொண்டால் பாடத்துக்கு ஜோடி சேர்ந்துவிடும். நான் எடுத்ததில் சின்ன ஓடு ஒன்றில் பத்து மடங்கு லென்ஸ் வைத்தபோது நாலு பல் சுத்தமாகத் தெரிந்தது. உள்ளே கீலின் நடுவில் முக்கோணக் குழி, அதில் காய்ந்துபோன கறுப்பு இணைப்புப் பட்டை. கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு தசைத் தழும்பு. மட்டிக்கு இரண்டு மூடுதசை, இதற்கு ஒன்றுதான். அந்த ஒன்றைச் சுருக்கி ஓட்டைப் படபடவென்று அடித்துத்தான் ஸ்காலப் நீந்துகிறது. மட்டி ஓடு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

கவிச்சி போக ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் போதும். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். சித்திரை வீதிக்குள் வண்டி விட மாட்டார்கள், ஆவணி மூல வீதிப் பக்கம் எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.